சமையலறையில் சுண்ணாம்புக்கல், கொட்டகையில் டோலமைட்

வரைபடத்தை இணையத்தில் ஏற்றிய மூன்றாம் நாள் காலை, நிலவியல் துறையின் இரண்டாம் மாடிக்கு முதல் புகார் வந்து சேர்ந்தது. அதுவரை வந்தவை எல்லாம் வாழ்த்துகள். அவற்றிலும் பாதி, அலுவலகத்தார் தங்களுக்குத் தாங்களே அனுப்பிக்கொண்டவை.

"உங்கள் வரைபடத்தில் என் வீட்டைத் தேடிப் பார்த்தேன். சமையலறைமேல் விரலை வைத்தால் சுண்ணாம்புக்கல் என்கிறது. அதே முற்றத்தில் நாற்பது அடி தள்ளிக் கோழிக்கொட்டகைமேல் வைத்தால் டோலமைட் என்கிறது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. பாறைக்கு ஸ்கேல் பிடிக்கத் தெரியுமா? ஏற்கெனவே இரண்டு இடத்தில் போர் போட்டு வெறும் புழுதிதான் வந்தது. மூன்றாவதை எங்கே போடுவது என்று உங்களை நம்பித்தான் பார்த்தேன். பதில் வேண்டும். இப்படிக்கு, கோழிப்பண்ணைக்காரி."

புகாரைப் படித்தவளுக்கு வீட்டில் 'மேப்புக்காரி' என்று பெயர். மாமியார் வைத்த பெயர். மூன்று வருடமாக அவள் செய்த வேலை அப்படி. நூற்றுப் பன்னிரண்டு காகித ஷீட்டுகளை, கட்டில் அகலத்துக்கு இருந்த ஸ்கேனரில் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்துப் படமெடுத்து, ஓரங்களை ஒட்டி, ஒரே வரைபடமாக்கியிருந்தாள். இனி யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவைப் பெரிதாக்கி ஒரு தட்டுத் தட்டினால் போதும். கீழே என்ன பாறை, அதன் வயது என்ன, பக்கத்தில் என்ன கனிமம் கிடைக்கிறது, தண்ணீர் எத்தனை ஆழத்தில் என்று ஒரு சின்னப் பெட்டி திறந்து சொல்லும். நூற்றுப் பன்னிரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒட்டியதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

பண்ணையைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. வலப்பக்கம் நீலம், சுண்ணாம்புக்கல். இடப்பக்கம் ஊதா, டோலமைட். நடுவே வடக்கு தெற்காக நேர்கோடு. அது பாறையின் கோடு அல்ல, காகிதத்தின் ஓரம். இரண்டு ஷீட்டுகள் சந்திக்கும் இடம்.

எந்த இரண்டு ஷீட்டுகள் என்று எண்ணைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். எழுந்து பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனாள்.

பிரிவுத் தலைவர் சண்டை சச்சரவு என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். புகாரைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நடுவுல ரெண்டு கலரையும் கொஞ்சம் குழைச்சு விட்டுடும்மா. நீலம் மெதுவா ஊதாவாகிற மாதிரி. யாருக்கும் தெரியாது."

"அந்தம்மா போர் போடுறப்ப தெரியும் சார்."

"சரி, யாரோட ஷீட்டு இதெல்லாம்?"

"கிழக்கு ஷீட்டு என் மாமனார் போட்டது. மேற்கு ஷீட்டு அவரோட மச்சினர்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தக் கதை தெரியாதவர் அந்தத் துறையில் இல்லை.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இருவரும் இதே கட்டடத்தில் வேலை பார்த்தார்கள். ஒருவருக்குக் 'கிழக்கு சார்', மற்றவருக்கு 'மேற்கு சார்' என்று பெயரே நிலைத்துவிட்டது. கிழக்கு சாரின் மனைவி மேற்கு சாருக்கு அக்காள். அக்காள் வீட்டில் சாப்பிட்டு, அத்தானோடு ஜீப்பில் சுற்றி, பாறை பார்க்கக் கற்றவர்தான் மேற்கு சார். இரண்டு ஷீட்டும் அச்சுக்குப் போகும் முன், ஓரம் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு கூட்டம் நடந்தது. பொருந்தவில்லை. சுண்ணாம்புக்கல்தான் அந்தப் பக்கமும் போகிறது என்றார் கிழக்கு. டோலமைட்தான் இந்தப் பக்கமும் வருகிறது என்றார் மேற்கு.

இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போலிருக்கும் கற்கள். பிரித்தறிய ஒரு சொட்டு ஆசிட் போதும். சுண்ணாம்புக்கல்மேல் விட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். டோலமைட்மேல் விட்டால் சும்மா கிடக்கும்; சுரண்டிப் பொடியாக்கிவிட்டு விட்டால்தான் லேசாக நுரை தட்டும். அந்தக் கூட்டத்தில், முப்பது பேர் முன்னிலையில், மச்சினன் ஆசிட் பாட்டிலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்றார் கிழக்கு. அத்தான் கல்லைப் பொடியாக்கிவிட்டு ஆசிட் விடுகிறார் என்றார் மேற்கு. அன்றோடு பேச்சு நின்றது. ஷீட்டுகள் அப்படியே அச்சாயின. தனித்தனியாகச் சுருட்டி வைத்திருந்த காகிதங்களை யாரும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்காததால், சண்டை அலமாரிக்குள்ளேயே உறங்கிக்கிடந்தது. இப்போது ஓரங்களே இல்லாத வரைபடம் வந்து அதை ஊருக்கே விரித்துக் காட்டிவிட்டது.

"ஒருநாள் ஜீப் தரேன்," என்றார் தலைவர். "ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் முடிச்சுட்டு வந்துடு. ஆனா நான் வரமாட்டேன்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மேப்புக்காரி பேச்சை எடுத்தாள். அவள் கணவன் பல் மருத்துவன். அப்பாவும் மாமாவும் கல்லுக்காக அடித்துக்கொண்டதைப் பார்த்து வளர்ந்ததால், கடினமான பொருள் என்றால் பல்லோடு போதும் என்று நிறுத்திக்கொண்டவன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "நான் இதுல இல்ல," என்றான்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் வரானா?"

"சித்தப்பாகிட்ட இன்னும் கேக்கல மாமா." கணவனுக்குத் தாய்மாமன் என்றால் அவளுக்குச் சித்தப்பா முறை.

"அவன் வந்தா நான் எதுக்கு? அவனே எல்லாம் தெரிஞ்சவனாச்சே."

"சரிங்க மாமா. அப்ப அவரை மட்டும் கூட்டிட்டுப் போறேன். அவர் சொல்றதை மேப்புல ஏத்திடறேன்."

கரண்டி நின்றது. "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார் மாமனார்.

சித்தப்பாவிடம் பேசும் பொறுப்பை மாமியார் ஏற்றுக்கொண்டார். தொலைபேசியில் அவர் அதிகம் பேசவில்லை. "உங்க அத்தான் மட்டும் போறாராம்டா. அவர் சொல்றதுதான் இனி மேப்பாம்," என்றார். அந்தப் பக்கத்தின் பதிலைக் கேட்டுவிட்டுக் கைபேசியை வைத்தார். "ஏழு மணிக்கு வாசல்ல நிப்பான்."

மறுநாள் ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவர் வந்து நின்றார். எழுபது நெருங்கியும் குச்சிபோல் நிமிர்ந்த உடம்பு. தோளில் பழைய கான்வாஸ் பை, இடுப்பில் சுத்தியல். மாமனாரும் அதே மாதிரி பை, அதே மாதிரி சுத்தியலோடு படியிறங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்தார்கள். முன் இருக்கை யாருக்கு என்ற சங்கடம் வருவதற்குள் மேப்புக்காரி அதில் ஏறிக்கொண்டாள். இரண்டு பெரியவர்களும் பின்னால், நடுவில் இரண்டு பைகளை அடுக்கிவைத்து, ஆளுக்கொரு ஜன்னலாக உட்கார்ந்தார்கள்.

ஆசிட் பாட்டில் அவள் மடியில் இருந்தது. முந்தின நாள்தான் ஆய்வகத்தில் புதிதாகக் கலக்கிச் சீல் வைத்து வாங்கியிருந்தாள். ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"அந்த பாட்டில் யார் கலந்ததும்மா?"

"லேப்ல மாமா. சீல் இருக்கு."

"இல்ல, சும்மா கேட்டேன். சில பேர் கைல தண்ணி கொஞ்சம் தாராளமா விழும்."

சற்று நேரம் கழித்து இன்னொரு ஜன்னல் பேசியது. "கத்தி எதுவும் எடுத்துட்டு வரலியேம்மா? சுரண்டுற கத்தி?"

"இல்லைங்க சித்தப்பா."

"நல்லது. சில பேருக்குக் கல்லைக் கண்டா கை சும்மா இருக்காது."

ஓட்டுநர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். இரண்டு மணி நேரப் பயணத்தில் அவருக்கு ஏழெட்டு முறை இருமல் வந்தது.

கோழிப்பண்ணைக்காரி வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் தீவனக் கிண்ணம். ஜீப்பிலிருந்து மூன்று பேர் இறங்கியதும், "ஒரு பதில் கேட்டா மூணு பேரா வருவீங்க?" என்றார்.

"தப்பு எங்களுது. அதான் நேர்ல பாத்துட்டு போகலாம்னு," என்றாள் மேப்புக்காரி.

"யார் போட்ட மேப்பு?"

இரண்டு பெரியவர்களும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள்.

"கோழிக்கு எந்தக் கல்லா இருந்தாலும் ஒண்ணுதாங்க," என்றார் பண்ணைக்காரி. "எனக்குத் தண்ணி வேணும். நாலாயிரம் கோழி. தினமும் டேங்கர் வரலேன்னா நான் என்ன பண்றது? வாங்க, எங்க வேணா ஆசிட் ஊத்திப் பாருங்க. கோழிமேல மட்டும் ஊத்திடாதீங்க."

சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தையொட்டி ஒரு பாறை தரையைப் பிளந்துகொண்டு தலை நீட்டியிருந்தது. மாமனார் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் புதிய முகத்தை வெளியே கொண்டுவந்தார். சித்தப்பா குனிந்து, அது சுரண்டப்படவில்லை என்று கண்ணாலேயே உறுதிசெய்துகொண்டார். மேப்புக்காரி ஒரு சொட்டு விட்டாள். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்புக்கல்.

மாமனார் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டார். 'பார்த்தாயா' என்று வாய்திறந்து சொல்லத் தேவையில்லாத முகம் அவருக்கு.

முற்றத்தைக் கடந்து கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். அங்கேயும் ஒரு பாறை முதுகு. இந்த முறை சித்தப்பா தட்டினார். அதே பாட்டில், அதே சொட்டு. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொட்டு கல்லின் மேல் பனித்துளிபோல் உட்கார்ந்திருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

"இன்னொரு சொட்டு விடு," என்றார் மாமனார்.

இன்னொரு சொட்டும் சும்மாவே கிடந்தது. டோலமைட்.

"அப்ப மேப்பு சரியா?" என்றார் பண்ணைக்காரி. "ரெண்டும் சரியா?"

மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை. சித்தப்பாவின் முகத்திலும்தான். இருபத்தாறு வருடமாக எதிராளி தப்பு என்பதை மட்டுமே எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, எதிராளி சரி என்பது ஒரு பக்கம் இடி; அவர் தப்பில்லாததால் தமக்கு வெற்றியும் இல்லை என்பது இன்னொரு பக்கம் இடி.

மேப்புக்காரிக்கு ஒன்று உறைத்தது. "மாமா, நீங்க அந்தக் காலத்துல இந்தக் கொட்டகைப் பக்கம் வந்து பாத்தீங்களா?"

"அது என் ஷீட்டு இல்லையேம்மா. என் ஷீட்டு அந்தச் சமையலறையோட முடிஞ்சிடுச்சு."

"சித்தப்பா, நீங்க?"

"நான் எதுக்கு அவர் ஷீட்டுக்குள்ள போகப் போறேன்?"

இருவரும் தங்கள் காகிதத்தின் ஓரம்வரை நடந்து வந்து, அங்கே நின்று, திரும்பிப் போயிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை அவரவர் வீட்டிலிருந்தே முடிவுசெய்துகொண்டார்கள்.

"சரி, அதெப்படி நாற்பது அடியில கல்லு மாறும்?" பண்ணைக்காரி விடுவதாக இல்லை. "நடுவுல என்ன இருக்கு?"

அதுதான் கேள்வி. முற்றம் முழுவதும் மண். ஆனால் கொட்டகைக்குக் கழிவுநீர் போக, இரண்டு மாதத்துக்கு முன்பு ஆள் உயரத்துக்கு ஒரு வாய்க்கால் தோண்டியிருந்தார்கள். பாதியில் வேலை நின்று, மேலே பலகை போட்டு மூடியிருந்தது. பலகையை நகர்த்தியதும் சித்தப்பா எட்டிப் பார்த்தார். பார்த்தவர், பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாலிபன் போலச் சறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்.

மாமனார் விளிம்பில் நின்று, கழுத்தை நீட்டி, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"அத்தான், இங்க வாங்க."

இருபத்தாறு வருடத்தில் நேராக வந்த முதல் வார்த்தை. மாமனார் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "கையைக் குடு மச்சான், முட்டி மடங்க மாட்டேங்குது," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

வாய்க்காலின் சுவரில், ஒரு பக்கம் சாம்பல் நிறப் பாறை, மறுபக்கமும் சாம்பல் நிறப் பாறை, நடுவில் இரண்டு முழ அகலத்துக்கு நொறுங்கிய சில்லுகளும் சிவப்புக் களிமண்ணும். ஏதோ ஒரு காலத்தில் பூமி இங்கே வெடித்து, ஒரு பக்கம் வழுக்கி மேலே போயிருக்கிறது. எங்கோ ஆழத்தில் இருந்த டோலமைட் எழும்பி வந்து சுண்ணாம்புக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. நிலவியல்காரர்கள் இதைப் பிளவு என்பார்கள். இரண்டு பேர் ஷீட்டிலும் அது இல்லை.

"வழுக்கின தடம் பாருங்க அத்தான். பளபளன்னு."

"பாத்துட்டேன். சாய்வு எவ்வளவு?"

"எழுபது இருக்கும்."

"எழுபத்தஞ்சு."

"சரி, எழுபத்தஞ்சு."

மேலே நின்ற மேப்புக்காரி கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டாள். பண்ணைக்காரி அவள் காதோரம் வந்து, "சண்டை போடறாங்களா, பேசிக்கறாங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தாங்க," என்றாள் இவள்.

மீதிப் பகல் முழுக்க நடைதான். பண்ணைக்காரி கொடுத்த அவித்த முட்டைகளைத் தின்றுகொண்டே பிளவைத் தொடர்ந்து போனார்கள். அது ஷீட்டின் ஓரத்தோடு ஒட்டி ஓடவில்லை. பண்ணை முற்றத்தில் அந்த ஓரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, வடக்கே போகப் போக மேற்காகச் சாய்ந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு மேட்டில், மேற்கு ஷீட்டுக்குள் கால் கிலோமீட்டர் தள்ளி, ஆசிட் விட்டதும் பொங்கியது. சித்தப்பா டோலமைட் என்று ஊதா அடித்து வைத்திருந்த இடம்.

"மண்ணு மூடியிருந்துச்சு," என்றார் சித்தப்பா.

"பொங்குது பார், பால் மாதிரி," என்றார் மாமனார். அவர் நடையில் ஒரு துள்ளல் வந்தது.

துள்ளல் ஒரு மணி நேரம்தான் நீடித்தது. தெற்கே திரும்பியதும் பிளவு கிழக்காகச் சாய்ந்து, அவருடைய நீலத்துக்குள் நுழைந்தது. ஒரு வாய்க்கால் கரையில் சொட்டு விட்டால், சொட்டு அசையவே இல்லை. மாமனார் தானே இரண்டாவது சொட்டு விட்டார். மூன்றாவதும் விட்டார்.

"பாட்டில் தீந்துடும் அத்தான்," என்றார் சித்தப்பா, மிகுந்த மரியாதையோடு.

திரும்பிப் பண்ணைக்கு வந்தபோது பண்ணைக்காரிக்கு வேண்டியது ஒன்றுதான். "இப்ப எங்க போடறது போரு?"

இருவரும் ஒரே குரலில், "பிளவுமேல," என்றார்கள். கட்டியான பாறையில் தண்ணீருக்கு ஓட வழி கிடையாது. அதனால்தான் முதல் இரண்டு போரும் புழுதியைக் கக்கின. நொறுங்கிய இடத்தில்தான் தண்ணீர் தங்கும், ஓடும். அதுவரை ஒற்றுமை. சரியாக எந்த இடம் என்று வந்ததும், மாமனார் வேலியோரத்தில் ஒரு கல்லை வைத்தார். சித்தப்பா அதிலிருந்து பத்தடி தள்ளி இன்னொரு கல்லை வைத்தார். பிளவு எழுபத்தைந்து பாகை சாய்வதால் ஆழத்தில் இவ்வளவு நகரும் என்று ஒருவர் மண்ணில் குச்சியால் கணக்குப் போட, மற்றவர் அதைக் காலால் அழித்துவிட்டு வேறு கணக்குப் போட்டார். பண்ணைக்காரி பொறுத்துப் பார்த்தார். பிறகு போய் இரண்டு கல்லுக்கும் நடுவில் தீவனக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இங்க," என்றார். "ரெண்டு பேருக்கும் வருத்தம் வேண்டாம்."

ஜீப் திரும்பும்போது பின் இருக்கையில் பைகள் காலடிக்குப் போயிருந்தன. பிளவுக்கு எத்தனை வயது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இந்த முறை மறைக்காமலே சிரித்தார்.

பதினெட்டு நாள் கழித்துப் பண்ணையிலிருந்து செய்தி வந்தது. இருநூற்று முப்பதடியில் தண்ணீர். ஊற்று இரும்புக் குழாயைத் தள்ளிக்கொண்டு மேலே வந்ததாம். போர் போட்டவர்கள் நனைந்துபோனார்களாம். கூடவே ஒரு காணொளி. நாலாயிரம் கோழிகளின் சத்தத்தில் பண்ணைக்காரி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மேப்புக்காரி அந்த வாரமே வரைபடத்தைத் திருத்தினாள். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் சற்றே சாய்ந்த ஒரு சிவப்புக் கோடு. கண்ணால் பார்த்த நாலு கிலோமீட்டருக்கு முழுக்கோடு. அதற்கப்பால் ஊகம் என்பதால் புள்ளிக்கோடு. 'கண்டறிந்தவர்கள்' என்ற இடத்தில் இரண்டு பெயர்களும் சேர்ந்து ஏறின. யார் பெயர் முதலில் என்ற பேச்சு வருமுன் அகர வரிசைப்படி போட்டுவிட்டாள். பிரிவுத் தலைவர் திரையைப் பார்த்து, "கலரைக் குழைக்காம விட்டது நல்லதாப் போச்சு," என்றார், அது தன் யோசனை என்பதுபோல.

புள்ளிக்கோட்டைப் பெரியவர்கள் இருவராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதை முழுக்கோடாக்காமல் விடுவதில்லை என்று சனிக்கிழமை தோறும் பேருந்து பிடித்துக் கிளம்ப ஆரம்பித்தார்கள். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்பதில் தொடங்கும் சண்டை, வாசலைத் தாண்டித் தெருமுனைவரை கேட்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை அவர்கள் போன பிறகு, மாமியார் காபியோடு வந்து மேப்புக்காரி பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக, "அந்த மேப்பை எனக்கும் கொஞ்சம் காட்டேன்," என்றார். கைபேசியை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் ஊரைப் பெரிதாக்கி, தெருவைப் பெரிதாக்கி, தன் வீட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். பெட்டி திறந்தது.

"களிமண்ணு, அடியில என்னன்னு தெரியாதுன்னு போட்டிருக்கு," என்றார்.

"ஆமா அத்தை. இங்க யாரும் தோண்டிப் பாக்கல."

மாமியார் கைபேசியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார். "இதை அவங்க ரெண்டு பேர்கிட்டயும் காட்டித் தொலைக்காத," என்றார். "நாளைக்கே கூடத்துல குழி வெட்டுவாங்க."